தூய்மை நெறியாளரின் நடையும் சமய நம்பிக்கையும்

ஒரு சமயத்தைத் தழுவியோர் எழுதும் உரைநடையிலும் செய்யுளிலும் அச்சமயத்தின் சாயல் படிதல் இயல்பே. ஆயினும் சாயல் படிதல் வேறு. ஒரு கொள்கைக்கு ஒரு நடைதான் உண்டு என வரையறுத்தல் வேறு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தினின்றும் நீங்கி வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் குடியேறிய பியூரிட்டன்கள், அதாவது தூய்மை நெறியாளர், விட்டுச்சென்ற எழுத்துகளைப் பற்றிப் பேசுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டுவிடுகின்றனர். கோயிலில் வண்ணக் கண்ணாடியையும் சிலையையும் வெறுத்தவர்கள் எழுத்திலும் அணியை வெறுத்தனர் என்று கூறி அவர்கள் அமைந்துவிடுவர். இக்கூற்று வில்லியம் பிராட்போர்டின் வரலாற்று நூலுக்கு ஒருவாறு பொருந்துகின்றது. ஆனால் அதே நம்பிக்கையை அதே உறுதியோடு பற்றி நின்ற எட்வர்டு டெய்லரின் பாடல்களைக் கையில் எடுத்தவுடன் அது நிலைகுலைகின்றது. உருவகத்தின்மேல் உருவகமாக அடுக்கிச் செல்லும் அப்பாடல்களை எளிய நடை என்று எவரும் சொல்லத் துணியார். நம்பிக்கை ஒன்றாயிருக்க நடை வேறாயிற்றே, அஃது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் அந்நம்பிக்கை யாது எனக் காண்போம். ஜான் கால்வினின் கோட்பாட்டைத் தழுவிய இவர்கள், இன்னார் இரட்சிக்கப்படுவர், இன்னார் கைவிடப்படுவர் என்பதைக் கடவுள் படைப்புக்கு முன்னரே குறித்துவிட்டார் என்றனர். மனிதனின் நற்செயலால் அம்முடிவு மாறுவதில்லை. அருள் ஒன்றே மீட்பது. அவ்வருளை வெளிப்படுத்துவது திருமறை ஒன்றே. இதனோடு பிணைந்த மற்றொரு நம்பிக்கையும் உண்டு. அதுவே தெய்வ பராமரிப்பு. உலகில் நிகழும் எந்நிகழ்ச்சியும், ஒரு கப்பல் கரைசேர்வதும் ஒரு குழந்தை இறப்பதும், கடவுளின் கையினின்றே வருகின்றது. ஆகவே அதனைப் படித்துப் பொருள் காணுதல் நம்பிக்கையாளனின் கடமை என்பது அதன் சாரம்.

இவ்விரு நம்பிக்கைகளும் நடையின்மீது இரு வேறு திசைகளில் விசை செலுத்தின என்பதை ஆராய்ச்சியாளர் போதிய அளவு வற்புறுத்தவில்லை என்றே தோன்றுகின்றது. திருமறை ஒன்றே மீட்பின் வாயில் என்றால், அம்மறைக்கும் கேட்போனுக்கும் நடுவே பேசுவோனின் சொல்வன்மை வந்து நிற்றல் கூடாது. இலத்தீனில் 1592இல் வெளிவந்து 1607இல் ஆங்கிலமாக்கப்பெற்ற வில்லியம் பெர்க்கின்ஸின் மறையுரைக் கலை நூல் இதனையே விதியாக வகுத்தது. போதகன் தன் கல்வியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதனை மேடையில் காட்டலாகாது. மறைமொழியை எடுத்துரைத்து, அதன் பொருளை விளக்கி, அதிலிருந்து கோட்பாட்டைப் பிரித்து, வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டுதலே அவன் தொழில். இலான்சலட் ஆண்ட்ரூஸ் போன்ற ஆங்கிலத் திருச்சபை ஆயர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதனைப் பல கோணங்களிலும் உருட்டிக் காட்டிய உரைகளைக் கேட்ட செவிகளுக்கு இது வறண்ட முறையாகவே பட்டிருக்கும்.

பராமரிப்பு என்னும் நம்பிக்கையோ நேர்மாறானதொரு பழக்கத்தை வளர்த்தது. கண்ட பொருள் ஒவ்வொன்றும் காணாப் பொருளின் குறி என்று கொள்வோன் நாள்தோறும் உருவகத்திலேயே வாழ்கின்றான். செய்யுளுக்கு அணி தேடி அவன் வெளியே செல்ல வேண்டுவதில்லை. அவன் சமயமே அதனை அவன் வாயிலுக்குக் கொணர்ந்துவிடுகின்றது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளைத் தம் காலத்து நிகழ்ச்சிகளின் முன்னிழலாகக் காணும் வழக்கமும் இதற்குத் துணை நின்றது. கடலைக் கடந்த இசுரவேலரும் தாமே. பாலை நிலத்தில் சோதிக்கப்பட்டோரும் தாமே. எனவே எளிமையை ஆணையிட்ட அதே சமயம் உருவகத்தையும் ஊட்டி வளர்த்தது. இவ்விழுப்பறையை ஒவ்வோர் எழுத்தாளரும் எங்ஙனம் தீர்த்துக்கொண்டார் என்பதில்தான் அவர்தம் நடை வேறுபாடு அடங்கியுள்ளது. அவ்வாறு தீர்ப்பதில், தாம் யாரை நோக்கிப் பேசுகின்றார் என்னும் எண்ணமே அவர்களுக்குப் பெரிதும் வழிகாட்டியது என்பது என் கருத்து.

பிராட்போர்டு (1590–1657) பல்கலைக்கழகம் புகுந்தவர் அல்லர். ஆங்கிலத் திருச்சபையினின்று அறவே பிரிந்த ஒரு சிறு கூட்டத்தோடு 1608இல் ஆலந்து நாட்டுக்குச் சென்று, இலைடன் நகரில் நெசவுத் தொழில் செய்து வாழ்ந்து, 1620இல் மேபிளவர் கப்பலில் அமெரிக்கா வந்தவர். அடுத்த ஆண்டே பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, பெரும்பாலான ஆண்டுகளில் அப்பதவியிலேயே இருந்தார். 1630இல் அவர் எழுதத் தொடங்கிய பிளிமத் குடியேற்ற வரலாறு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அக்கையெழுத்துப்படி பிற்காலத்தில் காணாமற்போய், இலண்டன் ஆயரின் நூலகத்தில் கண்டெடுக்கப்பெற்று, 1856இல் முழுமையாக வெளிவந்தது. 1897இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. நூலின் தொடக்கத்திலேயே தாம் எளிய நடையில், உண்மை ஒன்றையே நோக்கி எழுதப்போவதாக அவர் கூறிவிடுகின்றார். எளிமையையும் உண்மையையும் அவர் ஒரே மூச்சில் இணைத்திருப்பது கருதத்தக்கது. அவருக்கு எளிமை ஓர் அழகியற் கொள்கை அன்று; சான்று கூறுவோன் ஏற்கும் சூளுரை போன்றது.

கடற்பயணத்தைக் கூறும் பகுதியில் இரண்டு சிறு நிகழ்ச்சிகளை அவர் விவரிக்கின்றார். உடல்வலிமை மிக்க இளைய மாலுமி ஒருவன் கடல்நோயால் வாடிய பயணிகளை நாள்தோறும் பழித்து வந்தான். பயணம் முடிவதற்குள் பாதிப் பேரைக் கடலில் எறிந்து அவர்தம் உடைமைகளைத் தான் துய்க்கப்போவதாகக் கூறிக் களித்தான். பாதிக் கடல் கடப்பதற்கு முன்பே அவனே கொடிய நோயுற்று இறந்தான். முதன்முதலாகக் கடலில் எறியப்பட்டதும் அவன் உடலே. மற்றொன்று, ஜான் ஹவுலண்டு என்னும் இளைஞரைப் பற்றியது. புயலின்போது மேல்தளத்துக்கு வந்த அவர் கப்பல் சாய்ந்த வேகத்தில் கடலில் வீழ்ந்தார். வெளியே தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு ஒன்று கைக்கு எட்டியது. நீருள் ஆழ அமிழ்ந்தும் பிடியை விடாதிருந்தார். கயிற்றை இழுத்து, கொக்கிக் கழியால் அவரைக் கப்பலில் ஏற்றினர். பிறகு அவர் நெடுங்காலம் வாழ்ந்து திருச்சபைக்கும் பொதுவாழ்வுக்கும் பயன்பட்டார் என முடிக்கின்றார் ஆசிரியர்.

இரண்டிலும் கடவுளின் கை சுட்டப்படுகின்றது. ஆனால் சுட்டுவது ஓரிரு சொல்லே. எஞ்சியவை கயிறும் கழியும் நீரின் ஆழமும் ஆகும். மாலுமியின் சாவைப் படித்து மகிழ்வோர், ஹவுலண்டு என்ன தகுதியால் பிழைத்தார் என்று கேட்டால் பிராட்போர்டு விடை கூறமாட்டார். கடவுள் விரும்பினார், கயிறு அங்கே தொங்கியது. தகுதி நோக்காது வரும் அருள் என்னும் கால்வினியக் கோட்பாட்டைப் பக்கம் பக்கமாக விளக்கினாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டுதல் அரிது. நம் அணியிலக்கணத்தார் பொருளின் இயல்பை உள்ளவாறு கூறுதலையும் தன்மையணி என ஓர் அணியாகவே வைத்தனர். பிராட்போர்டின் எளிய நடையை அணியில்லா நடை என்பதைவிடத் தன்மையணியின் நடை என்பதே பொருந்தும்.

இனி அவர் சொல்லாது விட்டதைப் பார்க்க வேண்டும். 1620 டிசம்பரில் கப்பல் அமெரிக்கக் கரையோரம் நங்கூரமிட்டிருந்தபோது பிராட்போர்டின் மனைவி டாரதி நீரில் மூழ்கி இறந்தார். கப்பலில் வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேரை முதற்குளிர்காலம் கொண்டுசென்றதை உருக்கமாக எழுதும் ஆசிரியர், தம் மனைவியின் சாவை வரலாற்றின் ஓட்டத்தில் எங்கும் கூறவில்லை. பயணிகளின் பெயர்ப்பட்டியலில், வந்த சிறிது காலத்தில் இறந்தார் என்னும் அளவிலான குறிப்பு ஒன்றே உண்டு. இம்மௌனத்தைக் கொண்டு அவர் உள்ளம் கல் என்போரும் உளர்; அச்சாவில் ஏதோ மறைபொருள் உண்டு என ஊகிப்போரும் உளர். சான்று இல்லாத இடத்தில் ஊகம் வேண்டா. ஒன்று மட்டும் உறுதி. அவர் எழுதியது ஒரு திருச்சபையின் வரலாறு. கேட்போர் அத்திருச்சபையின் அடுத்த தலைமுறையினர். அவர்களுக்குச் சொல்லத்தக்க பொருளாகத் தம் துயரை அவர் கருதவில்லை.

ஆனால் இந்நடை எங்கும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1637இல் நிகழ்ந்த பீகுவட் போரில் ஆங்கிலேயப் படையும் அதன் துணைவரும் மிஸ்டிக் ஆற்றங்கரையிலிருந்த பழங்குடியினரின் அரணிட்ட ஊருக்குத் தீயிட்டனர். மாண்டவர் ஏறத்தாழ நானூற்றுவர் என்று பிராட்போர்டு குறிக்கின்றார். அவர் அங்கு இருந்தவர் அல்லர், கேட்டதை எழுதுகின்றார். தீயில் மக்கள் வெந்ததையும், ஓடிய குருதியையும், எழுந்த நாற்றத்தையும் அஞ்சத்தக்க காட்சி என அவர் மறையாது கூறுகின்றார். அடுத்த நொடியே வெற்றியை இனிய பலியாக உருவகம் செய்கின்றார். சுடுபலியின் நறுமணம் கடவுளை அடைவதாகக் கூறும் லேவியராகமத்தின் மொழி அவர் துணைக்கு வருகின்றது. எளிய நடையை மேற்கொண்டவர் இங்கே உருவகத்தை நாடியது ஏன்? உள்ளவாறு கூறிய சொற்கள் அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுசெல்ல, அவர் நம்பிக்கை வேறொரு முடிவை வேண்டிற்று. இடைவெளியை நிரப்பத் திருமறையின் உருவகம் வந்தது. அவ்வொரு வாக்கியத்தில் நாற்றமும் நறுமணமும் அருகருகே நிற்பதைப் படிப்போர், எளிய நடை எப்போதும் உண்மையின் நடை என்று கூறிவிட மாட்டார். ஆயினும் நாற்றத்தை அவர் நீக்கிவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

நூலின் பிற்பகுதியில் இன்னுமோர் உவமை. நல்ல நிலம் தேடி மக்கள் பிளிமத்தை விட்டு நீங்கியதை 1644ஆம் ஆண்டின்கீழ் எழுதும்போது, பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதிய தாயாகத் திருச்சபையைக் காண்கின்றார். தம் மனைவிக்காக அழாத நடை இங்கே அழுகின்றது. நூல் முடிவுறவும் இல்லை. 1647, 1648 என இரு ஆண்டுகளின் தலைப்புகளை எழுதியவர், அவற்றின்கீழ் ஒன்றும் எழுதாமலே நிறுத்திவிட்டார். பராமரிப்பைப் படித்து வந்த கண்ணுக்கு அவ்வாண்டுகளில் எழுதத்தக்கது ஒன்றும் தென்படவில்லை போலும்.

மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் வின்திராப் (1588–1649) சட்டம் பயின்றவர். ஆங்கிலத் திருச்சபையினின்று பிரியாமல் அதனைத் திருத்த விரும்பிய பிரிவைச் சேர்ந்தவர். 1630 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் பராமரிப்பைப் படிக்கும் பழக்கம் சில இடங்களில் வியப்பூட்டும் அளவுக்குச் செல்கின்றது. 1640இல் அவர் மகனின் நூல்கள் தானியம் வைத்த அறையில் இருந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கிரேக்கப் புதிய ஏற்பாடு, சங்கீதங்கள், ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெப நூல் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஒரு நூலில், ஜெப நூற்பகுதியின் ஏடுகளை மட்டும் எலிகள் தின்றுவிட்டன. மற்றவற்றைத் தீண்டவே இல்லை. 1648இல் கேம்பிரிட்ஜில் கூடிய திருச்சபை மன்றத்தில் மறையுரையின் நடுவே ஒரு பாம்பு புகுந்தது. மூப்பர் ஒருவர் அதனை மிதித்துக் கொன்றார். பாம்பு அலகை எனவும், அதனை வென்றது நம்பிக்கை எனவும் பொருள் காணப்பட்டது. இவற்றை எழுதும் நடையோ நீதிமன்றப் பதிவேட்டின் நடை. நாள், இடம், எண்ணிக்கை யாவும் உண்டு. வியப்புச் சொல் இல்லை. இன்று நாம் நகைக்கலாம். ஆனால் உருவகம் சொல்லில் இல்லாமல் நிகழ்ச்சியிலேயே இருப்பதாக நம்புவோன் சொல்லை அலங்கரிக்க வேண்டுவதில்லை என்பதை இவ்விரு குறிப்புகளும் நன்கு விளக்குகின்றன.

திருச்சபையில் பாடுவதற்கென 1640இல் அச்சிடப்பெற்ற சங்கீத நூல், ஆங்கிலக் குடியேற்றங்களில் அச்சான முதல் நூலாகும். எபிரேய மூலத்துக்கு உண்மையாயிருத்தலே தம் நோக்கம், செவிக்கினிமை அன்று என அதன் முன்னுரை வாதிக்கின்றது. கடவுளின் பலிபீடக் கல்லை உளியால் செதுக்கலாகாது என்னும் யாத்திராகம விதியை ஒட்டிய வாதம் அது. ஆகவே ஓசை பல இடங்களில் முடம்பட்டது. மைக்கேல் விகில்ஸ்வொர்த் 1662இல் வெளியிட்ட இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய நெடும்பாட்டு, நாட்டுப்பாடலின் துள்ளல் ஓசையில் நரகத்தைப் பாடி, வீடுதோறும் மனப்பாடமாயிற்று. குழந்தைப் பருவத்திலேயே இறந்தோருக்கு நரகத்தின் எளிதான அறை ஒதுக்கப்படும் பகுதி அதில் உண்டு. கோட்பாட்டின் கொடுமையை அவரே உணர்ந்தார் என்பதற்கு அவ்வறையே சான்று. இலக்கிய நோக்கில் இவ்விரு நூல்களிலும் நெடிது தங்க வேண்டுவதில்லை.

ஆன் பிராட்ஸ்டிரீட் (1612–1672) வேறு வகையினர். மாசச்சூசெட்ஸ் ஆளுநராயிருந்த தாமஸ் டட்லியின் மகள், பின்னாளில் ஆளுநரான சைமன் பிராட்ஸ்டிரீட்டின் மனைவி, எண்மருக்குத் தாய். வின்திராப் வந்த ஆர்பெல்லா கப்பலிலேயே 1630இல் வந்தவர். அவர் பாடல்களை அவர் அறியாமலே இலண்டனுக்குக் கொண்டுசென்ற உறவினர், 1650இல் பத்தாம் கலைமகள் என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். அத்தொகுதியின் பெரும்பகுதி பூதங்கள் நான்கு, பருவங்கள் நான்கு, பேரரசுகள் நான்கு எனக் கற்றறிந்த பொருள்களைப் பாடுவது. பிரெஞ்சுக் கவிஞர் து பார்த்தாவின் செல்வாக்கு அதில் மிகுதி. சமயச் சுவையோ குறைவு. தூய்மை நெறிப் பெண்மணி ஒருவர் உலகோர்முன் வைத்த நூல் கல்வியால் செறிந்தும் அணியால் நிறைந்தும் இருக்கின்றது. தம் வீட்டாருக்கென மறைத்து வைத்தவை எளியனவாக இருக்கின்றன. எளிமை திருச்சபைக் கட்டளையால் மட்டும் வந்ததெனில் இது நேர்மாறாக அன்றோ அமைந்திருக்க வேண்டும்?

1666 சூலை 10ஆம் நாள் இரவு அவர் வீடு தீக்கிரையாயிற்று. அதனைப் பற்றிய பாடல் கோட்பாட்டின்படியே தொடங்குகின்றது: கொடுத்தவரும் எடுத்தவரும் கடவுளே, எடுத்தது அவருடையது, முறையிட இடமில்லை. சிறிய அடிகள், எளிய எதுகைகள். இங்கேயே முடிந்திருந்தால் அது நல்லதொரு மறையுரையாகியிருக்கும். ஆனால் பாடல் முடியவில்லை. பிறகு அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவர் கண் சாம்பலின்மீது செல்கின்றது. பெட்டி இருந்த இடம், பேழை இருந்த இடம், தாம் அமர்ந்த இடம், படுத்த இடம். இனி அக்கூரையின்கீழ் விருந்தினர் உண்ணமாட்டார். மேசையைச் சுற்றிக் கதை நிகழாது. மணமகன் குரல் கேட்காது. இழந்த பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கும் இப்பகுதியே பாடலின் உயிர். இறுதியில் வானுலகில் கடவுள் கட்டிய வீட்டைக் காட்டி அவர் தம்மைத் தாமே கடிந்துகொள்கின்றார். உலகப் பொருள் வீண் என்று கூறுவதற்காகவே அவை வரிசைப்படுத்தப்பட்டன என்று கொள்வது முறையான விளக்கம். ஆனால் வீண் என்று ஒருமுறை கூறினால் போதாதா? ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விடைகொடுத்தவர், அவை வீண் என முற்றும் நம்பியவர் அல்லர்.

இதனினும் கூர்மையானவை பேரக் குழந்தைகளின் சாவு பற்றியவை. 1665இல் ஒன்றரை வயது எலிசபெத்து. 1669 சூனில் மூன்று ஆண்டு ஏழு திங்கள் வாழ்ந்த ஆன். அவ்வாண்டு நவம்பரில் ஒரு திங்களும் ஒரு நாளும் வாழ்ந்த சைமன். முதற்பாடல் இயற்கையைத் துணைக்கு அழைக்கின்றது: கனி முதிர்ந்தபின் வீழ்தல் இயல்பு, இளங்கன்று பறிக்கப்படுதல் கடவுளின் கைச்செயல். மூன்றாம் பாடலில் இயற்கைக்கும் இடமில்லை. மூன்று மலர்களையும் பறித்த கை நல்லதே என்று கூறுகின்றார். அவர் நீதியர் மட்டும் அல்லர், இரக்கமும் உடையவர் என்று நாம் சொல்வோமாக என்னும் கருத்துப்பட அவர் எழுதுவதை ஊன்றிப் படிக்க வேண்டும். அவர் இரக்கமுடையவர் என்று கூறுவது ஒன்று. அவ்வாறு சொல்வோமாக என்பது மற்றொன்று. எளிய நடையின் ஆற்றல் இங்கே ஒரு வினைவடிவில் அடங்கிவிடுகின்றது. இதனை நம்பிக்கையின்மை என்று கூறும் இக்காலத் திறனாய்வாளரோடு நான் உடன்படுவதற்கில்லை. கடவுளே இல்லை என்னும் எண்ணம் தம்மை அலைக்கழித்ததையும், கத்தோலிக்கர் கொள்கை ஏன் சரியாயிருத்தலாகாது என ஐயுற்றதையும் தம் மக்களுக்கு எழுதிவைத்த உரைநடைக் குறிப்பில் அவரே வெளிப்படக் கூறியுள்ளார். ஐயத்தை ஒளிக்க அவருக்குத் தேவை இல்லை. அவர் நெறியில் ஐயம் நம்பிக்கையாளரின் நாட்குறிப்பில் இடம்பெறத்தக்க பொருளே. சைமனைப் பற்றிய பாடலில் நாம் காண்பது நம்பிக்கையின் வாக்கியத்தைச் சொல்ல முயலும் வாய் நடுங்குவதையே ஆகும்.

காட்டன் மாதர் (1663–1728) காலத்தில் முதற்குடியேறிகள் மறைந்துவிட்டனர். நானூற்றுக்கு மேற்பட்ட நூல்களும் சிறுநூல்களும் வெளியிட்ட அவருடைய பெருநூல், ஏழு பகுதிகளாக 1702இல் இலண்டனில் வந்த புது இங்கிலாந்துத் திருச்சபை வரலாறு. வர்ஜிலின் காப்பியத் தொடக்கத்தை நினைவூட்டும் வகையில் அது தொடங்குகின்றது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் யாவும் பக்கந்தோறும் புகுகின்றன. பிராட்போர்டின் வாழ்க்கையைக் கூறும் இயலில், பிராட்போர்டு எழுதாது விட்ட செய்தி வருகின்றது. அவர் மனைவி கப்பலினின்று தவறி வீழ்ந்து துறைமுகத்தில் மூழ்கினார் என மாதர் கூறுகின்றார். கணவர் அடக்கிய துயரம், இரு தலைமுறை கழித்து வேறொருவர் நூலில் தலைவரின் பெருமைக்கு அணி சேர்க்கும் ஒரு செய்தியாகிவிட்டது.

தம் நடையைப் பழித்தோருக்கு மாதர் விடையும் கூறினார். மறையுரையாளராக விரும்பும் மாணாக்கருக்கென 1726இல் வெளியிட்ட நூலில், வரிதோறும் கல்வி பொதிந்த எழுத்தை உருசிய நாட்டுத் தூதரின் மணி பதித்த அங்கிக்கு ஒப்பிட்டுப் போற்றுகின்றார். பெர்க்கின்ஸ் மறைக்கச் சொன்னதை இவர் அணிந்து காட்டச் சொல்கின்றார். கோட்பாட்டில் இருவரும் ஒன்றே. மாறியது கேட்போர். மாதர் தம் ஊர்ச் சபையை மட்டும் நோக்கி எழுதவில்லை. புது இங்கிலாந்தை ஏளனமாகக் கண்ட ஐரோப்பியக் கற்றோர்முன் அதற்கு ஒரு பெருமை தேடினார். அவர் கடிதங்கள் நம் தரங்கம்பாடி வரை வந்தன. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவுக்கு அவர் எழுதியதும், 1719இல் சீகன்பால்கு மறைந்தபின் கிரண்ட்லர் அனுப்பிய மறுமொழியும், பாஸ்டனில் 1721இல் வெளிவந்த அவருடைய இந்தியக் கிறித்தவம் பற்றிய நூலில் இலத்தீனும் ஆங்கிலமுமாக இடம்பெற்றன. சோழமண்டலக் கரையிலும் தம் குரல் கேட்க வேண்டும் என விரும்பியவர் பிளிமத் நெசவாளியின் நடையில் அமைதிகொள்ள இயலுமா?

இறுதியாக எட்வர்டு டெய்லர். 1668இல் அமெரிக்கா வந்து, ஹார்வர்டில் பயின்று, எல்லைப்புறச் சிற்றூராகிய வெஸ்ட்பீல்டில் 1729இல் இறக்கும்வரை போதகராயிருந்தவர். கோட்பாட்டில் இவரினும் கடுமையானவர் அரியர். மனமாற்றம் பெறாதவரையும் திருவிருந்துக்கு அனுமதிக்கலாம் என்ற அண்டையூர்ப் போதகர் சாலமன் ஸ்டாடர்டை நெடுங்காலம் எதிர்த்தவர். அதே திருவிருந்துக்குத் தம்மைத் தகுதிப்படுத்திக்கொள்ள, 1682 முதல் 1725 வரை இருநூற்றுக்கு மேற்பட்ட தியானப் பாடல்களை எழுதினார். அவற்றை அவர் அச்சிடவில்லை. பெயரர் எஸ்ரா ஸ்டைல்ஸ் வழியாக அவை யேல் கல்லூரி நூலகத்தை அடைந்தன. சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிகு யேலின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. 1937இல் தாமஸ் ஜான்சன் அவற்றை வெளிக்கொணரும் வரை, தூய்மை நெறியாளரிடம் இத்தகைய கவிஞர் இருந்தார் என்பதை இலக்கிய உலகம் அறியாது.

அப்பாடல்களில் ஆன்மா பட்டினி கிடக்கும் சொர்க்கப் பறவையாகின்றது. உடல் அதன் பிரம்புக் கூண்டு. கடவுள் தம் மகனை மாவாக அரைத்து, அடுப்பிலிட்டு, அப்பமாக்கி அனுப்புகின்றார். மற்றொரு பாடலில் கவிஞர் இராட்டையாகின்றார்; திருமறை நூற்கும் கோலாகின்றது; பிறகு தறி, பிறகு சாயம், பிறகு ஆடை. படைப்பைக் கூறுமிடத்தில், கதிரவனைப் பந்தென உருட்டி விளையாடியவர் யார் எனக் கேட்கின்றார். மாதரின் அணி நூலகத்தினின்று வந்தது. டெய்லரின் அணி அடுக்களையினின்றும் களத்தினின்றும் வந்தது. அரசவைக்கு ஏற்ற உவமையைக் கடவுள்முன் வைக்க அவர் கருதவில்லை. உயர்ந்த சொல் எதுவும் போதாது என்பது துணிவானபின், உழக்கும் உரலும் அடுப்பும் தாழ்ந்தனவாகத் தோன்றா.

மனிதருக்கு உரை செய்யும்போது டெய்லர் பெர்க்கின்ஸின் முறையில் நின்று கோட்பாட்டைப் பிரித்து விளக்கியவர்தாம். ஞாயிறு தோறும் சபைக்கு முன் அவர் காத்த கட்டுப்பாடு, கதவடைத்த அறையில் கடவுள் ஒருவரே கேட்கும்போது தளர்ந்தது. அங்கே சொல்வன்மையால் மயங்கிக் கெடுவார் எவரும் இலர். மறைக்கும் செவிக்கும் நடுவே நிற்கும் குற்றமும் இல்லை. அங்கும் தம் எழுதுகோல் மழுங்கியது, தம் பா குப்பை, தம் நா திக்குவது என்று அவர் பாடலுக்குப் பாடல் கூறுகின்றார். கூறிவிட்டு அடுத்த திருவிருந்துக்கு மீண்டும் எழுதுகின்றார். முதுமையில் உன்னதப்பாட்டின் காதல் மொழிகளையே பெரிதும் தம் தியானங்களுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு, எண்பதைக் கடந்த பின்னரும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.